எண் கண்ணெதிரே இருக்கிறது, விலுக்கப் மட்டும் ஏன் இல்லை என்கிறது?

கேள்வி: அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். மாதாமாதம் எங்கள் பர்ச்சேஸ் ரிஜிஸ்டரையும் ஜிஎஸ்டி போர்ட்டலில் இறக்கும் 2பி ஷீட்டையும் (சப்ளையர்கள் எங்கள் பெயரில் காட்டிய பில்களின் பட்டியல்) பில் நம்பரை வைத்து எக்செலில் விலுக்கப் (VLOOKUP) ஃபார்முலா போட்டு ஒப்பிடுகிறேன். நிறைய வரிசைகளில் கிடைக்கவில்லை என்று என்ஏ (#N/A) வருகிறது, தேடிப் பார்த்தால் அதே நம்பர் அங்கே இருக்கிறது. சில வரிசைகளில் வேறு யாருடைய தொகையோ வந்து உட்கார்ந்துவிடுகிறது. என் ஃபார்முலாவில் என்ன தப்பு?

பதில்: ஃபார்முலாவை விட, எதை வைத்துத் தேடுகிறீர்கள் என்பதில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும். முதலில் இரண்டாவது பிரச்சினைக்கு வருகிறேன், ஏனென்றால் பணம் போவது அதில்தான். என்ஏ வந்தால் கண்ணில் படும், போய்ப் பார்ப்பீர்கள். தப்பான தொகை சத்தம் காட்டாமல் இருக்கும், அதை நம்பி நீங்கள் மாத வரிக் கணக்கான 3பி ரிட்டர்னும் போட்டுவிடுவீர்கள்.

விலுக்கப்பின் நான்காவது இடத்தில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள். ஒன்றும் போடாமல் விட்டிருந்தால், பட்டியல் ஏறுவரிசையில் அடுக்கப்பட்டிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு எக்செல் கிட்டத்தட்டப் பொருந்தும் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடும். அந்த இடத்தில் ஃபால்ஸ் அல்லது 0 கட்டாயம் வேண்டும். தேடும் பகுதியைத் தேர்ந்தெடுத்ததும் எஃப்4 அழுத்தி டாலர் குறியும் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் ஃபார்முலாவைக் கீழே இழுக்க இழுக்க அந்தப் பகுதியும் கூடவே இறங்கி, மேலே உள்ள பில்கள் தேடலுக்கு வெளியே போய்விடும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் அடுத்தவர் தொகை வருகிறதா? அப்படியானால் பில் நம்பரை மட்டும் வைத்துத் தேடுவதுதான் காரணம். மண்ணடி இரும்புக் கடைக்காரரும் 101 என்று பில் போடுவார், ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரும் 101 என்று போடுவார். விலுக்கப் மேலிருந்து தேடிக்கொண்டு வரும்போது முதலில் கண்ட 101-ஐ எடுத்துக்கொண்டு நின்றுவிடும், கீழே இன்னொன்று இருப்பது அதற்குத் தெரியவே தெரியாது. அதனால் இரண்டு ஷீட்டிலும் ஒரு புது காலம் (column) சேருங்கள், அதில் சப்ளையரின் 15 எழுத்து ஜிஎஸ்டி எண், நடுவே ஒரு கோடு, அப்புறம் பில் நம்பர், மூன்றையும் & குறியால் ஒட்டி ஒரே சொல்லாக்குங்கள். இனிமேல் தேடல் அந்தச் சொல்லை வைத்துத்தான். விலுக்கப் வலப்பக்கம் மட்டுமே பார்க்கும் என்பதால், 2பி ஷீட்டில் அந்தக் காலம் தேடும் பகுதியின் இடது ஓரத்தில் இருக்கவேண்டும்.

இதில் கூடவே இன்னொரு நன்மையும் கிடைக்கிறது. உங்கள் ரிஜிஸ்டரில் 101 எண்ணாக இருக்கும், போர்ட்டலில் வந்த 101 எழுத்தாக இருக்கும். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்று, எக்செலுக்கு வேறு வேறு. என்ஏ வருவதற்கு முதல் காரணம் இதுதான். & குறியால் ஒட்டியதும் இரண்டுமே எழுத்தாகிவிடுவதால் அந்தத் தகராறு தீர்ந்தது.

ஒட்டிய பிறகும் என்ஏ வந்தால், ஒரே மாதிரித் தெரியும் இரண்டு பில் நம்பர் செல்களுக்கும் லென் போட்டு எழுத்துகளை எண்ணுங்கள். ஒன்றில் 7, இன்னொன்றில் 8 என்று வந்தால் பின்னால் ஒரு காலி இடம் ஒளிந்திருக்கிறது, ட்ரிம் போட்டால் போய்விடும். ட்ரிம் போட்டும் போகவில்லையென்றால் அது இணையப் பக்கங்களிலிருந்து ஒட்டிக்கொண்டு வரும் வேறு வகைக் காலி இடம், கேர் 160 என்பார்கள். சப்ஸ்டிட்யூட் வைத்து அதை எடுத்துவிட்டு அப்புறம் ட்ரிம் போடுங்கள்.

லென் நிறைய வித்தியாசம் காட்டினால் பில் நம்பரே உருமாறியிருக்கலாம். 0045 என்று டைப் செய்தால் எக்செல் 45 ஆக்கிவிடும். 1-4 என்று டைப் செய்தால் ஏப்ரல் 1 என்று தேதியாக்கி, உள்ளே 45 ஆயிரத்துக்கு மேல் ஒரு எண்ணாக வைத்துக்கொள்ளும், நீங்கள் ஒட்டிய சொல்லில் அந்த எண்தான் வந்து நிற்கும். ஒரு முறை மாறிவிட்டால் பழைய வடிவத்தை எக்செலிடம் திரும்பக் கேட்க முடியாது, பில்லைப் பார்த்துத் திருத்தவேண்டியதுதான். ஆகவே டைப் செய்யத் தொடங்கும் முன்பே பில் நம்பர் காலத்தை டெக்ஸ்ட் ஃபார்மேட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

சிலர் கோடு, சாய்கோடு, முன்னால் வரும் பூஜ்யம், வருடம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டுத் தேடச் சொல்வார்கள். கோடும் சாய்கோடும் போகட்டும், வருடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். போன வருட 45-ஆம் பில்லும் இந்த வருட 45-ஆம் பில்லும் ஒன்றாகிவிடும். பொருந்தாமல் மிஞ்சும் கொஞ்சத்தை ஜிஎஸ்டி எண், வரிக்கு முந்தைய தொகை இரண்டையும் வைத்துக் கண்ணால் பார்த்து முடிப்பதே பத்திரம், தொகையில் ஒரு ரூபாய் வரை வித்தியாசம் வந்தால் விட்டுவிடலாம்.

ஒரே பில்லில் 5 சதவீதப் பொருளும் 18 சதவீதப் பொருளும் இருந்து, ரிஜிஸ்டரில் இரண்டு வரிசையாக ஏற்றியிருக்கிறீர்களா? அங்கே விலுக்கப் சரிப்படாது, முதல் வரிசையை மட்டும்தான் எடுக்கும். சம்இஃப்ஸ் போட்டு பில்லுக்கு ஒரே தொகையாகக் கூட்டிக்கொண்டு பிறகு ஒப்பிடுங்கள்.

உங்களிடம் எக்செல் 2021 அல்லது மைக்ரோசாஃப்ட் 365 இருந்தால் எக்ஸ்லுக்கப்புக்கு மாறிவிடுங்கள், கூகுள் ஷீட்ஸிலும் அது உண்டு. காலம் எந்தப் பக்கம் இருந்தாலும் அதற்குக் கவலையில்லை, எதுவும் சொல்லாவிட்டாலும் அச்சாகப் பொருந்துவதை மட்டுமே எடுக்கும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் 2016 தான் என்றால் இண்டெக்ஸ், மேட்ச் இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். எதைப் போட்டாலும் அசிங்கமாக இருக்கிறதே என்று இஃப்எரர் வைத்து மூடாதீர்கள், அது ஃபார்முலாவில் உள்ள நிஜமான பிழையையும் சேர்த்து மறைத்துவிடும். என்ஏவை மட்டும் மூடும் இஃப்என்ஏ போதும்.

அப்புறம், ஒரு பக்கத்திலிருந்து மட்டும் தேடுவது பாதி வேலைதான். 2பி ஷீட்டிலிருந்தும் உங்கள் ரிஜிஸ்டரைத் தேடுங்கள், சரக்கு வந்தும் நீங்கள் ஏற்றாமல் விட்ட பில் அப்போதுதான் அகப்படும். மாதாமாதம் ரிட்டர்ன் போடும் சப்ளையர் 11-ஆம் தேதிக்குள் தன் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1 போடாவிட்டால் அவருடைய பில் 14-ஆம் தேதி வரும் 2பியில் இருக்காது, அடுத்த மாதத்தில்தான் வரும். அதனால் ஏப்ரலிலிருந்து வந்த 2பி எல்லாவற்றையும் ஒரே ஷீட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்த்து வைத்துத் தேடுங்கள். சரக்கைத் திருப்பினாலோ தொகையைக் குறைத்தாலோ சப்ளையர் தரும் கிரெடிட் நோட் எல்லாம் 2பி ஃபைலில் வேறு ஷீட்டில் இருக்கிறது. பில்கள் இருக்கும் ஷீட்டில் மட்டும் தேடினால் அவற்றுக்கு எப்போதும் என்ஏதான் வரும், அதையும் மைனஸ் தொகையாகக் கீழே சேர்த்துக்கொள்ளுங்கள்.