பிளாட்ஃபோம் சப்பாத்தும் நம்ம மலை ரோட்டும்: கேள்வி பதில்

சப்பாத்துத் திருத்துவதுதான் என் தொழில். பிளாட்ஃபோம் என்கிற தடித்த சோல் வைத்த சப்பாத்து, பூட்ஸ் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

ஹட்டனிலிருந்து ஒரு தங்கச்சி: ஐந்து அங்குல பூட்ஸ் ஒன்லைனில் எடுக்கப் பார்க்கிறேன். லயத்துப் படியில் இறங்கலாமா அண்ணா?

உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள். குதி உயரத்திலிருந்து முன்சோலின் தடிப்பைக் கழியுங்கள். குதி 12 சென்டிமீற்றர், முன்சோல் 8 என்றால் பாதம் சாய்வது 4 சென்டிமீற்றர்தான். சமதரையில் அது சும்மா நடக்கும். ஆனால் தடித்த சோல் வளையாது, காலடியில் கல் கிடப்பதும் தெரியாது. ஓரம் ஒரு கல்லில் ஏறினால் கணுக்கால் பிரண்டுவிடும். இறக்கத்தில் பாதம் முன்னே சறுக்காமல் லேஸை மேல்வரை இறுக்குங்கள். என்னைக் கேட்டால், டவுன்வரை சாதாரண சப்பாத்தில் வந்து அங்கே மாற்றுவதுதான் புத்தி.

நுவரெலியா: அக்கா கலியாணத்துக்கு ஒருநாள் போட்டுப் பெட்டியில் வைத்தது. நாலு வருஷம் கழித்துப் போட்டால் சோல் மண்ணாக உதிர்கிறது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டானா?

அப்படிச் சொல்ல முடியாது தம்பி. அது பொலியூரித்தேன் என்ற ஒருவகைப் பிளாஸ்டிக் நுரையில் செய்த சோலாகத்தான் இருக்கும். காற்றிலுள்ள ஈரம் அதன் இரசாயனப் பிணைப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். போடாமல் வைத்தாலும் நடக்கும், மூடிய பெட்டிக்குள் இன்னும் மோசம். நம்ம ஊர் மூடுபனிக்குக் கேட்கவா வேண்டும்? நகத்தால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ, மெல்லிய வெடிப்பு தெரிந்தாலோ அது முடிந்த கதை, பசை போட்டு ஒட்டுவது வீண் செலவு. மேல்பாகம் நல்ல தோல் என்றால் மட்டும் ஈ.வி.ஏ. (இன்னொரு வகைப் பிளாஸ்டிக் நுரை) அல்லது ரப்பர் சோல் புதிதாகப் போடலாம். ஈ.வி.ஏ. ஈரத்துக்கு இப்படி உதிராது, பாரமும் குறைவு. இனி எடுப்பதைப் பொலித்தீன் பையில் கட்டி வைக்காமல் இடைக்கிடை போட்டு நடங்கள். பழைய சப்பாத்து வாங்குவோரும் சோலைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பண்டாரவளை, ஃபேஷன் படிக்கும் பிள்ளை: இந்த உயரமெல்லாம் கறுப்பு உடுப்பு, பெரிய பூட்ஸ் போடும் கோத் ஃபேஷன் ஆட்கள் கொண்டுவந்ததா?

இல்லை. பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வெனிஸ் பெண்கள் 'சோப்பின்' என்ற உயர்ந்த மிதியடியில், விழாமல் இன்னொருவர் தாங்கிக்கொள்ள நடந்திருக்கிறார்கள். சிலது 50 சென்டிமீற்றர்! 1930களில் இத்தாலியில் சப்பாத்துச் சோலுக்குள் வைக்கும் உருக்குக்குத் தட்டுப்பாடு வந்தபோது சல்வத்தோரே ஃபெரகாமோ என்ற சப்பாத்து வடிவமைப்பாளர் தக்கையை அடுக்கிச் சோல் செய்தார். அவருடைய 1938 வானவில் நிறச் செருப்பு இன்றைக்கும் பார்க்க அழகு. 1993இல் பாரிஸ் ஃபேஷன் மேடையில் பிரித்தானிய வடிவமைப்பாளர் விவியன் வெஸ்ட்வுட்டின் சப்பாத்தோடு மொடல் நவோமி கேம்பல் விழுந்தார், விழுந்ததும் சிரித்தார். குதி 20 சென்டிமீற்றருக்கு மேல், முன்சோல் அதில் பாதியளவு. ஹட்டன் தங்கச்சிக்குச் சொன்ன கழித்தலைப் போட்டுப் பாருங்கள், ஏன் விழுந்தார் என்று விளங்கும். கோத் ஆட்கள் விரும்பும் ஸ்பெயினின் நியூ ரொக், அமெரிக்காவின் டெமோனியா என்ற சப்பாத்து பிராண்டுகளெல்லாம் சோப்பினுக்கு வெகு பிற்பாடு வந்தவை.

பதுளையிலிருந்து ஒரு அம்மா: மகள் கறுப்பு உடுப்பும் பெரிய பூட்ஸுமாகத் திரிகிறாள். பயமாக இருக்கிறது.

உடுப்புதானே அக்கா, விடுங்கள். அளவு சரியா என்று மட்டும் பாருங்கள்.

தலவாக்கலை: பூட்ஸுக்குள் பூஞ்சணம்.

ஈரத்துணியால் துடைத்து, உள்ளே பழைய பேப்பர் திணித்துக் காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். ஈரமான பேப்பரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அடுப்படியில் மட்டும் காயவைக்காதீர்கள். சூட்டில் பசை இளகிச் சோல் வாய் பிளக்கும், அப்புறம் என்னிடம்தான் வரவேண்டும்.