எஃப்எஸ்சி மரம்: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

எஃப்எஸ்சின்னா ஃபாரஸ்ட் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில், காட்டைப் பொறுப்பா பராமரிச்சு வெட்டுன மரத்துக்கு முத்திரை தர்ற உலக அமைப்பு. சென்னையில மர எக்ஸ்போர்ட் கம்பெனி ஒண்ணுல எஃப்எஸ்சி ஆடிட்டுக்கு பேப்பர் ரெடி பண்றதுதான் என் பொழப்பு. கேளுங்க.

வேளச்சேரி: அண்ணா, வாசக்காலுக்கு தேக்கு பாக்குறோம். மரவாடிக்காரர் எஃப்எஸ்சி மரம்தான்னு அடிச்சு சொல்றாரு, நம்பலாமா?

வாய்ச்சொல் செல்லாதுங்க. காட்டுக்கு ஒரு சர்டிஃபிகேட், அப்புறம் அறுக்கிறவர், இம்போர்ட் பண்றவர், மரவாடின்னு சரக்கு கை மாறுற ஒவ்வொருத்தர்கிட்டயும் செயின் ஆஃப் கஸ்டடின்னு, அதாவது அந்த மரம் வேற மரத்தோட கலக்காம வந்ததுக்கான, சர்டிஃபிகேட் இருக்கணும், நடுவுல ஒருத்தர்கிட்ட இல்லன்னா அதே மரமா இருந்தாலும் எஃப்எஸ்சின்னு விக்க முடியாது. பில்லுலயே அவரோட சர்டிஃபிகேட் நம்பரும் "எஃப்எஸ்சி 100%"னும் (முழுக்க சர்டிஃபைடு காட்டு மரம்னு அர்த்தம்) போட்டுத் தரச் சொல்லுங்க. அந்த நம்பரை எஃப்எஸ்சி சைட்ல தட்டினா யார் பேர்ல இருக்கு, எந்த சரக்குக்கு, இன்னும் செல்லுமான்னு எல்லாம் வந்துடும். அட்டைப்பெட்டிக்கு வாங்குன சர்டிஃபிகேட்டைக் காட்டி மரம் விக்கிறவங்களும் இருக்காங்க, அதனால சரக்கு லிஸ்ட்டை கண்டிப்பா பாருங்க.

பெரம்பூர்: அந்த முத்திரை இருந்தா கரையான் அரிக்காதுல்ல?

அய்யோ, சம்பந்தமே இல்ல சார். காட்டை எப்படி வெச்சிருக்காங்க, வெட்டுற அளவுக்கு திரும்ப வளருதா, அங்க வாழற பழங்குடி மக்களோட உரிமை, கூலியாளோட பாதுகாப்பு, இதைத்தான் பாக்குறாங்க. வைரம் பாஞ்ச மரமா, நல்லா காஞ்சிருக்கான்னு பாக்க ஆசாரியைக் கூட்டிட்டுப் போங்க.

தாம்பரம்: புதுசா பர்மா லாக் வந்திருக்குன்னாங்க ப்ரோ, சர்டிஃபைடாம்.

2014 ஏப்ரல்லயே மியான்மர் உருட்டுமர ஏற்றுமதிய நிறுத்திடுச்சு ப்ரோ. நானா இருந்தா அந்தக் கடைய விட்டு வெளிய வந்துடுவேன். பழைய வீடு இடிச்ச பர்மா தேக்கு கிடைச்சா முத்திரை இல்லன்னாலும் யோசிக்காம வாங்குவேன், அதுக்காக புதுசா எந்த மரமும் விழல பாருங்க.

அடையாறு: பையன் நோட்டுல எஃப்எஸ்சி மிக்ஸ்னு போட்டிருக்கே?

எல்லாமே சர்டிஃபைடு காட்டு மரம் இல்ல மேடம், ரீசைக்கிள் பேப்பரோ, திருட்டு மரம் இல்லன்னு சரிபார்த்த வேற மரமோ கலந்திருக்கும்.

கேளம்பாக்கம்: தேனி பக்கம் அப்பா வெச்ச தேக்கு ரெண்டு ஏக்கர் இருக்கு. சர்டிஃபிகேட் எடுக்கலாமா?

தனியா எடுத்தா ஆடிட் செலவே கட்டுப்படியாகாது தம்பி, பக்கத்து விவசாயிங்களோட சேர்ந்து குரூப்பா எடுக்கலாம். 2023 டிசம்பர்ல மத்திய அரசும் ஒரு சர்டிஃபிகேஷன் திட்டம் கொண்டுவந்தாங்க, காட்டுக்கு வெளிய பட்டா நிலத்துல வளர்ற மரமும் அதுல வரும். ஆனா லோக்கல் வியாபாரி இதுக்குன்னு பத்து ரூபா கூட ஏத்தித் தர மாட்டான், எக்ஸ்போர்ட்டுக்கு எடுக்கிற ஆள் யாருன்னு முதல்ல பாத்துட்டு அப்புறம் செலவு பண்ணுங்க.