எலுமிச்சை பிழிந்த கையோடு வெயிலில் இறங்கலாமா?

கேள்வி: நான் மேலூரில் இருக்கிறேன். வயது 34. மகளிர் குழுக்களுக்குக் கடன் தரும் ஒரு நிறுவனத்தில் வேலை. காலையில் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு ஸ்கூட்டியில் கிளம்பினால், ஊர் ஊராகச் சுற்றி வர மதியம் 3 மணி ஆகிவிடும். கை இரண்டு நிறமாகிவிட்டது, வளையல் போட்ட இடம் மட்டும் வெளுப்பு. கன்னத்தில் மங்கு வந்திருக்கிறது. கெமிக்கல் வேண்டாம் என்று ஒரு வீடியோ பார்த்து, ஒரு மாதமாகத் தேங்காய் எண்ணெயில் எலுமிச்சைச் சாறு கலந்து கை, கழுத்தில் தடவிக்கொண்டு போகிறேன். மாமியார் நலங்கு மாவு அரைத்துக் கொடுத்திருக்கிறார், தினமும் காலையில் அதில்தான் குளியல். ஆனால் கருமை கூடத்தான் செய்கிறது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தண்ணீர் வழிந்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போன வாரம் என் ஏழு வயது மகளின் கையில் நான்கு விரல் பதிந்தது போலக் கறுப்புத் தடம் தெரிந்தது. பள்ளியில் யாராவது அடித்தார்களா என்று கேட்டால் இல்லை என்கிறாள். கேரட் விதை எண்ணெய் நல்லது என்கிறார்களே, வாங்கலாமா? இயற்கையாக வெயிலைச் சமாளிக்க வழி சொல்லுங்கள்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, கேரட் எண்ணெய் இருக்கட்டும். முதலில் உங்கள் மகளின் கைக்கு வருகிறேன்.

அவளிடம் விசாரித்தது நல்ல காரியம். ஆனால் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், அந்த நான்கு விரலும் உங்கள் விரல்களாக இருக்கத்தான் அதிக வாய்ப்பு. எலுமிச்சைக் கலவையைத் தடவிய கையோடு பிள்ளையின் கையைப் பிடித்து ஸ்கூட்டியில் ஏற்றியிருப்பீர்கள். சாறு அவள் தோலில் ஒட்டியது, மேலே வெயில் பட்டது, ஓரிரு நாளில் தடம் தெரிந்தது. உங்கள் கையில் உள்ள கோடும் இதே ரகம்தான். சாறு வழிந்த பாதை அப்படியே வரைபடமாகப் பதிந்திருக்கிறது. வெயிலில் தானாகக் கருக்கும் கை இப்படிக் கோடு கோடாகக் கருக்காது.

எலுமிச்சையில், முக்கியமாக அதன் தோலில், சோரலென் வகையைச் சேர்ந்த பொருட்கள் உண்டு. இருட்டில் இவை சாது. வெயிலில் உள்ள யு.வி.ஏ என்ற புற ஊதாக் கதிர் பட்டால்தான் வேலையைக் காட்டும். தோலின் செல்களைத் தாக்கும், சிலருக்குக் கொப்புளம்கூட வரும். உடனே எரியாது. 24 மணி நேரம் கழித்துத்தான் ஆரம்பிக்கும், இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும். அதனால்தான் காலையில் தடவிய எலுமிச்சை மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. நம் மாதிரி மாநிறத் தோலில் சிவப்பே தெரியாமல் நேராகக் கறுப்பு விழுந்துவிடுவதும் உண்டு. இந்தத் தடத்துக்கு மருந்து எதுவும் பூச வேண்டாம். எலுமிச்சையை நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் சில வாரத்திலிருந்து சில மாதத்துக்குள் மெல்ல மங்கிவிடும். கொப்புளமோ வலியோ இருந்தால் மட்டும் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பிள்ளைக்கு வேறு இடத்திலும் புதிதாகத் தடம் வந்தாலும் அப்படியே.

அடுத்தது நலங்கு மாவு. மாமியாரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: அதில் கார்போகரிசி போட்டாரா? நாட்டு மருந்துக் கடையில் 'குளியல் பொடிச் சாமான்' என்று கேட்டால் பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, ஆவாரம்பூவோடு இதையும் சேர்த்துக் கட்டிக் கொடுப்பது வழக்கம். சின்னதாக, கறுப்பாக, அவரை விதையைச் சுருக்கிய மாதிரி இருக்கும். சோரலென் என்ற பெயரே இந்தச் செடியின் அறிவியல் பெயரிலிருந்து வந்ததுதான். வெண்புள்ளி உள்ள இடத்தில் இதைப் பூசி வெயில் காட்டுவது பழைய வைத்தியம். நிறத்தை வரவழைக்கத்தான் அந்த வைத்தியமே! வெள்ளையை மறைக்கக் கொடுத்த சரக்கை, கறுப்பு போக வேண்டும் என்று தேய்த்துக்கொண்டு பத்து மணி வெயிலில் இறங்குகிறோம். கழுவிவிடுவதால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை என்பது உண்மை. ஆனால் ஏற்கெனவே மங்கு இருக்கிற, தினமும் ஐந்து மணி நேரம் வெயிலில் இருக்கிற நீங்கள் அந்தப் பொடியைக் காலையில் தேய்க்க வேண்டாம். அடுத்த முறை கார்போகரிசியை மட்டும் விட்டுவிட்டு அரைக்கச் சொல்லுங்கள். பாக்கி சாமான் வாசனைக்கும் அழுக்கு எடுக்கவும் நல்லவைதான். அவர் மனம் கோணாது.

சரி, தேங்காய் எண்ணெய். தோல் வறளாமல் வைக்க அருமையான பொருள். வெயிலுக்கு? ஆய்வுக்கூடத்தில் அளந்தபோது எஸ்.பி.எஃப் (வெயிலைத் தடுக்கும் திறனின் அளவு) 7, 8 என்று வந்ததும் உண்டு, 1ஐத் தாண்டாமல் போனதும் உண்டு. மேலூர் வெயிலுக்கு 30 வேண்டும். கேரட் விதை எண்ணெய்க்கு 40 என்று வீடியோவில் சொல்வதை நம்பாதீர்கள். எந்த எண்ணெயும் தனியாக அந்த அளவுக்கு வராது. அந்தக் காசுக்கு நல்ல கெட்டிக் காட்டன் துணி எடுக்கலாம்.

உண்மையில் நம் ஊரின் இயற்கை சன்ஸ்கிரீன் துணிதான். நூறு நாள் வேலையிலோ நடவிலோ நிற்கிற பெண்களைக் கவனித்திருப்பீர்கள். சேலைக்கு மேலே வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, அதன் நுனி கழுத்தை மூடித் தொங்கும். அவர்களுக்கு யாரும் புற ஊதாக் கதிர் பாடம் எடுக்கவில்லை. பார்க்க நன்றாக இல்லை என்று நாம் கைவிட்ட அந்த ஏற்பாட்டை மிஞ்ச எந்த எண்ணெயாலும் முடியாது. பழைய சட்டை என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. பருத்தித் துணி துவைக்கத் துவைக்கச் சுருங்கி நெசவு நெருக்கமாகும், கதிர் நுழையும் இடைவெளி குறையும்.

துணியை எப்படித் தேர்ந்தெடுப்பது? இரவில் டியூப்லைட்டுக்கு நேராகத் துணியைப் பிடித்து, அதன் பின்னால் விரல்களை விரித்துப் பாருங்கள். விரல் துல்லியமாகத் தெரிந்தால் அந்தத் துணி காற்றுக்குச் சரி, வெயிலுக்கு ஆகாது. ஷிபான் துப்பட்டாவும் நெட் துப்பட்டாவும் இந்தச் சோதனையில் தேறவே தேறாது. மெல்லிய வெள்ளைக் காட்டனும் சுமார்தான், வியர்வையில் நனைந்தால் இன்னும் மோசம். வெள்ளை உடுத்தினால் சூடு குறையும் என்பது சரி, ஆனால் சூடு வேறு, கதிர் வேறு. நெருக்கமாக நெய்த அடர்நிறத் துணிதான் கதிரை நன்றாகத் தடுக்கும். நீங்கள் வண்டி ஓட்டுவதால் கைக்கு ஏற்றது முழுக்கைச் சட்டை, அல்லது கடையில் கிடைக்கும் நீளமான கை உறை. விரல்களின் மேல்பக்கமும் மூடுகிற மாதிரி வாங்குங்கள், ஹேண்டில் பிடிக்கும்போது அங்கேதான் நேராக அடிக்கும். ஹெல்மெட் கண்ணாடியை இறக்கி ஓட்டுங்கள்.

வண்டியை நிறுத்திவிட்டுத் தெருவில் நடக்கும்போது குடை. நம் தாத்தாக்கள் பிடித்த அதே கறுப்புக் குடை, தன்மேல் நேராக விழும் கதிரில் 90 சதவிகிதத்துக்கு மேல் தடுத்துவிடும். மழை இல்லாதபோது குடை பிடித்தால் சிரிப்பார்கள் என்று கூச்சப்படாதீர்கள். குழுக் கூட்டத்துக்கு நீங்கள் இரண்டு தடவை குடையோடு போனால் மூன்றாவது தடவை அங்கே நாலு குடை இருக்கும்.

நேரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கத்திரி வந்தால்தான் வெயில் ஆபத்து என்று நினைக்கிறோம். சூரியன் சென்னைக்கு நேர் உச்சியில் வருவது ஏப்ரல் 24 வாக்கில், உங்கள் பக்கம் அதற்கும் ஒரு வாரம் முன்னால். அன்றைக்கு உச்சிவேளையில் நிமிர்த்தி வைத்த உலக்கைக்கு நிழலே இருக்காது. கத்திரி மே முதல் வாரத்தில்தான் தொடங்கும். அதாவது உடம்பு பொறுக்கிற சூடு இருக்கும்போதே கதிர் உச்சத்தில் இருக்கிறது. ஊட்டிக்குப் போய்க் குளிரில் சுற்றிவிட்டு முகம் கருத்துத் திரும்புகிறோமே, அதற்கும் இதுதான் காரணம். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் கதிர் ஏறக்குறைய 10 சதவிகிதம் கூடும், ஊட்டியோ 2,200 மீட்டருக்கு மேல். குளிர் நம்மை ஏமாற்றிவிடுகிறது.

செல்போனில் பார்க்காமலே கதிரை அளக்க உங்கள் நிழல் போதும். நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமை. ஏப்ரலில் உங்கள் ஊரில் இது காலை ஒன்பதே கால் வாக்கில் தொடங்கி மாலை மூன்றே கால் வரை நீளும். உங்கள் வேலை நேரம் மொத்தமும் அதற்குள் அடங்கிவிடுகிறது, என்ன செய்வது! திறந்தவெளி வசூலை மட்டுமாவது எட்டு, எட்டரைக்கு மாற்ற முடியுமா என்று மேலாளரிடம் கேட்டுப் பாருங்கள். குழுப் பெண்களும் வேலைக்குக் கிளம்பும் முன் முடிந்தால் போதும் என்றுதான் சொல்வார்கள்.

மங்குக்கு மட்டும் துணி போதாது, முகத்தை முழுக்க மூடிக்கொண்டு வேலை பார்க்க முடியாதே. இங்கே உங்கள் 'கெமிக்கல் வேண்டாம்' கொள்கையைக் கொஞ்சம் தளர்த்தச் சொல்வேன். துத்தநாக ஆக்சைடு உள்ள சன்ஸ்கிரீன் கேளுங்கள். வேர்க்குருவுக்கு வீட்டில் வைத்திருக்கும் ரோஸ் நிற காலமைன் லோஷனில் இருப்பதும் இதே துத்தநாகம்தான், அந்நியப் பொருள் இல்லை. அதற்காகக் காலமைனையே சன்ஸ்கிரீனாகப் பூச வேண்டாம், அது அதற்கென்று தயாரித்ததல்ல. துத்தநாகப் பவுடர் வாங்கி வீட்டில் எண்ணெயில் குழைப்பதும் வேண்டாம். ஒரு இடத்தில் கட்டியாகவும் ஒரு இடத்தில் வெறுமையாகவும் நிற்கும். மங்கு உள்ளவர்களுக்கு நிறம் சேர்த்த வகை இன்னும் நல்லது. அதில் உள்ள இரும்பு ஆக்சைடு, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கிறது. நம் தோலில் அந்த ஒளியும் மங்கைக் கூட்டும். முகத்தில் திருநீறு பூசிய மாதிரி வெள்ளையாகவும் நிற்காது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகம், கழுத்துக்குச் சரியான அளவு. வெளியில் இருக்கும்வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி பூச வேண்டும். எஸ்.பி.எஃப் 30 போதும். அது ஏறக்குறைய 97 சதவிகிதத்தைத் தடுக்கும், 50 வாங்கினால் 98. அந்த ஒரு சதவிகிதத்துக்கு அதிகக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

பர்மாவில் பெண்கள் கன்னத்தில் தனாக்கா என்று ஒரு மரப்பட்டையைக் கல்லில் உரைத்துப் பூசுவார்கள். பர்மாவிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களில் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சந்தனம் போலக் குளுமை, பூச்சு தடிமனாக இருந்தால் கொஞ்சம் மறைப்பும் கிடைக்கும். நாள் முழுக்கச் சுற்றுகிறவருக்கு அது போதாது.

சாப்பாட்டில் ஏதாவது உண்டா என்று அடுத்து கேட்பீர்கள். தக்காளி உண்டு. ஜெர்மனியில் நடந்து 2001ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், தினமும் 40 கிராம் தக்காளி விழுதை ஆலிவ் எண்ணெயோடு பத்து வாரம் சாப்பிட்டவர்களுக்கு, வெயில் போன்ற விளக்கொளியில் தோல் சிவப்பது 40 சதவிகிதம் குறைந்தது. நம் தக்காளித் தொக்கும் எண்ணெயில் வதக்கியதுதானே. ஆனால் சன்ஸ்கிரீன் கணக்கில் இது எஸ்.பி.எஃப் 2ஐக்கூடத் தொடாது. தொக்கு இட்லிக்கு, சட்டை வெயிலுக்கு.

சாயங்காலம் வீடு திரும்பியதும் கை எரிந்தால் குளிர்ந்த தண்ணீர், பிறகு கற்றாழை. மடலை வெட்டியதும் வெட்டுவாய் கீழே இருக்கும்படி ஒரு டம்ளரில் கால் மணி நேரம் நிறுத்துங்கள், மஞ்சளாக ஒரு பால் வடியும். அது அரிப்பைக் கொடுக்கும். வடிந்ததும் கழுவிவிட்டு உள்ளே உள்ள சோற்றை மட்டும் எடுத்துத் தடவுங்கள். இது எரிச்சலைத்தான் ஆற்றும், மறுநாள் வெயிலைத் தடுக்காது.

முகப்பருவுக்கு டாக்ஸிசைக்ளினோ, ரத்த அழுத்தத்துக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்த மாத்திரையோ எடுக்கிறீர்களா? இரண்டுமே தோலை வெயிலுக்குக் கூச வைக்கும். நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேளுங்கள். மங்கு ஆறு மாதத்தில் குறையவில்லை என்றால் தோல் மருத்துவரை நேரில் பார்த்துவிடுங்கள். மெடிக்கலில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த கிரீம் மட்டும் வாங்கிவிடாதீர்கள், அப்புறம் அதைச் சரிசெய்வது தனி வேலை.

எலுமிச்சையை ரசத்துக்குப் பிழியுங்கள். பிழிந்த கையைச் சோப்புப் போட்டு, நக இடுக்கு உட்படக் கழுவிவிட்டு, அதற்குப் பிறகு மகளை ஸ்கூட்டியில் ஏற்றுங்கள்.