ஒலிபெருக்கியை விடுங்கள், பந்திக்கு வாருங்கள்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 61. தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கம் எங்கள் ஊர். 1998-இல் அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது, ரோட்டோரத்தில் இருந்த 62 சென்ட் நிலத்தை என் பெயருக்கு மட்டும் எழுதி, அவர்கள் கைரேகையை வாங்கிப் பத்திரம் பதிந்துகொண்டேன். தங்கைக்குச் சொல்லவில்லை. பிறகு தெரியவந்தும் அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் புற்றுநோயில் இறந்துவிட்டாள். அவளுடைய மகள் தூத்துக்குடியில் வாடகை வீட்டில் இருந்து, தையல் தைத்துப் பிழைக்கிறாள். தங்கையை அடக்கம் செய்த நாளிலிருந்து எனக்குத் திருவிருந்தில் அப்பமும் திராட்சரசமும் எடுக்கத் துணிவில்லை. பாவ அறிக்கை முடிந்ததும் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வெளியே வந்துவிடுகிறேன். அம்மா பெயரில் கோவிலுக்கு ஒலிபெருக்கி வாங்கிக் கொடுத்தேன். அப்போதும் மனம் ஆறவில்லை. இயேசு மன்னித்துவிட்டார் என்றால் இந்தக் குற்றவுணர்வு ஏன் என்னை விடமாட்டேன் என்கிறது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். 'கைரேகையை வாங்கி' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 'அம்மா எழுதிக் கொடுத்தார்கள்' என்று எழுதியிருந்தால் என்னால் கண்டுபிடித்திருக்க முடியாது. கிருபை உங்களிடத்தில் எப்போதோ வேலையைத் தொடங்கிவிட்டது என்பதற்கு அந்த ஒரு சொல்லே எனக்குப் போதும்.

உங்களைக் கோவிலை விட்டு வெளியே தள்ளுகிற வசனம் எது என்பதும் எனக்குத் தெரியும். 'அபாத்திரமாய்ப் போஜனபானம்பண்ணுகிறவன்', அதாவது தகுதியில்லாமல் திருவிருந்து எடுக்கிறவன், தனக்கு ஆக்கினைத்தீர்ப்பைத் தேடிக்கொள்கிறான் என்று 1 கொரிந்தியர் 11-இல் பவுல் எழுதுகிறார். முப்பத்தைந்து வருட ஊழியத்தில், இந்த வசனத்துக்குப் பயந்து திருவிருந்துப் பந்தியை விட்டு விலகியவர்களை ஊருக்கு ஊர் பார்த்திருக்கிறேன். ஆனால் அதே அதிகாரத்தைச் சற்று மேலே இருந்து படியுங்கள். கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டுவிடுகிறார்கள். ஏழைகள் பசியோடு நிற்கிறார்கள். 'இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?' என்று பவுல் கொதிக்கிறார். ஒரே பந்தியில் உட்கார வேண்டியவர்களில் ஒருவன் பங்கை இன்னொருவன் தின்றுவிட்டான் என்பதுதான் அங்கே வழக்கு. அந்த வசனம் உங்களைத் தொடுவது உண்மை. ஆனால் அது கைகாட்டுவது கோவில் வாசலை இல்லை, தூத்துக்குடியை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இயேசுவின் சீஷன் பேதுருவைப் பாருங்கள். பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில் கரிநெருப்பின் அருகே குளிர்காய்ந்துகொண்டு, இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை சொன்னான். உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியா கடற்கரையில் சீஷர்களுக்குக் காலை உணவு ஆயத்தம் செய்தபோதும் அங்கே கரிநெருப்பு கிடந்தது. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இந்தச் சொல் வருவது இந்த இரண்டே இடங்களில்தான். அந்த நெருப்பைப் பார்த்ததும் பேதுருவுக்கு எப்படி இருந்திருக்கும்! ஆண்டவர் அவன் நினைவை அழிக்கவில்லை. அதே நெருப்பின் முன்னே கொண்டுவந்து நிறுத்தினார். ஆனால் முதலில், 'வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்' என்றார். மீனும் அப்பமும் கொடுத்தார். சாப்பிட்டு முடிந்த பின்புதான், 'என்னை நேசிக்கிறாயா?' என்று மூன்று முறை கேட்டார். மூன்றாவது முறை பேதுரு துக்கப்பட்டான் என்று யோவான் எழுதியிருக்கிறார். மன்னிக்கப்பட்டவனுக்கும் வலித்தது. உங்களுக்கு வலிப்பதால் மன்னிப்பு இல்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

என் கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். 1987-இல் திருச்செந்தூர் பக்கம் ஒரு பனங்காட்டு ஊரில் ஊழியம் செய்தேன். சாகக் கிடந்த ஒரு பாட்டி வீட்டில் திருவிருந்து கேட்டு சனிக்கிழமை ஆள் அனுப்பினார்கள். அடுத்த ஊர்க் கன்வென்ஷனில் நான் பேச வேண்டியிருந்தது. திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். ஞாயிறு இரவு பாட்டி இறந்துவிட்டார்கள். அடக்க ஆராதனையில் என்னால் தலை நிமிர முடியவில்லை. ஒரு வாரம் கழித்து அவர்கள் கணவரிடம் போனேன். பனையேறுகிறவர், வயது எழுபதுக்கு மேல். "நான் அன்றைக்கே வந்திருக்க வேண்டும்" என்றேன். "வந்திருக்க வேண்டும்தான் ஐயா. கடைசி வரைக்கும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்" என்றார். பரவாயில்லை என்று சொல்லவே இல்லை. பிறகு எழுந்து, கருப்பட்டியை உடைத்துப் போட்டுக் காப்பி வைத்து, என் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். நான் குடித்து முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார். கிருபையைப் பற்றி அதுவரை எத்தனையோ பிரசங்கம் செய்திருந்தேன். அன்றைக்குத்தான் அதை வாங்கிக் குடித்தேன்.

ஒலிபெருக்கியைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அதில் பாதிப் பணம் உங்கள் மருமகளுடையது, தங்கை மகளுடையது. பலிபீடத்தண்டையில் வந்து, உன் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்று மத்தேயு 5-இல் ஆண்டவர் சொல்கிறார். காணிக்கை நாம் கொண்டுபோவது, அது காத்திருக்கலாம். திருவிருந்து அவர் கொடுப்பது. அதை ஏன் காத்திருக்க வைக்கிறீர்கள்? கோவிலுக்கு இனி எதுவும் வாங்கிக் கொடுக்காதீர்கள். நிலத்தில் பாதியைத் திருப்பிக் கொடுப்பது என்று தீர்மானம் செய்துகொண்டு, வருகிற திருவிருந்து ஞாயிறன்றே போய் முழங்காலில் நில்லுங்கள்.

பெண்பிள்ளைக்கு நகை போட்டு அனுப்பியாயிற்று, நிலத்தில் என்ன பங்கு என்று உறவினர்கள் சொல்லக்கூடும். கிறிஸ்தவர்களான நமக்குப் பொருந்தும் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்திலேயே, உயில் எழுதாமல் போன பெற்றோரின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. அம்மா கைநாட்டு வைத்த பத்திரம் கையில் இருப்பதால் சட்டம் உங்களைத் தொடாமல் போகலாம். வரி வசூலித்துப் பணக்காரனான சகேயுவையும் எந்தச் சட்டமும் துரத்தவில்லை. ஆண்டவர் வீட்டுக்குள் வந்த பிறகு, அநியாயமாய் வாங்கியதை 'நாலத்தனையாக', நான்கு மடங்காக, திருப்பித் தருகிறேன் என்று அவனாகவே எழுந்து நின்று சொன்னான்.

பத்திர எழுத்தரிடம் போகுமுன் மருமகளிடம் போங்கள். மனைவியையும் பிள்ளைகளையும் உட்கார வைத்து இதை முதலில் சொல்லிவிடுங்கள். அவர்களுக்குத் தெரியாமல் இன்னொரு பத்திரம் வேண்டாம். அங்கே போனதும் வேதவசனம் சொல்லாதீர்கள். 1998-இல் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். அவள் கதவைச் சாத்தலாம், அழலாம், என் அம்மா உயிரோடு இருக்கும்போது ஏன் வரவில்லை என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லை, இருப்பதுபோல் பேசாதீர்கள். மன்னித்துவிட்டேன் என்று சொல்லும்படி தாய்மாமன் உரிமையில் அவளை நெருக்கவும் வேண்டாம். அவள் மன்னித்தாலும் மன்னிக்காவிட்டாலும் 31 சென்ட் அவளுடையது.

போய் வந்த பிறகு எனக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்தை இங்கே வெளியிட மாட்டேன்.