எந்த விலங்கின் இதயம்?

அன்புள்ள ஐயா,
ஒரு புதிய மருந்து இதயத்தின் கியூடி இடைவெளியை (ஈசிஜியில் கீழறைகளின் மின்துடிப்பு தொடங்கி அடங்கும் வரையிலான நேரத்தை) நீட்டுகிறதா என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. ஆய்வகத்தில் சுண்டெலிகள் இருக்கின்றன. அவற்றிலேயே செய்துவிடலாமா?
ஓர் ஆய்வு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

கூடாது. சுண்டெலியின் இதயம் நிமிடத்துக்கு 500, 600 முறை துடிக்கிறது. அந்த வேகத்துக்கு ஒவ்வொரு மின்துடிப்பும் சட்டென்று முடிந்தாக வேண்டும். மனித இதயத்தசையில் மின்னழுத்தம் ஏறியபின் சற்று நேரம் சமதளமாக நிற்கும்; சுண்டெலியில் அந்தச் சமதளம் கிட்டத்தட்ட இல்லை. நமக்கு அதை முடித்துவைப்பதில் செல்லிலிருந்து பொட்டாசியத்தை வெளிவிடும் ஹெர்க் என்ற வாயிலுக்குப் பெரும் பங்கு. கியூடியை நீட்டும் மருந்துகளில் பெரும்பாலானவை அடைப்பதும் அதைத்தான். வளர்ந்த சுண்டெலியில் அந்த வேலையை வேறு வாயில்கள் பார்த்துக்கொள்கின்றன. ஆபத்தான மருந்துகூட அங்கே சாதுவாகத் தெரியும்.

முதலில் மனித ஹெர்க் வாயிலைக் கொண்ட ஹெச்இகே 293 செல்களில் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனித செல்வகை) பேட்ச் கிளாம்ப் செய்யுங்கள் (நுண் கண்ணாடிக் குழாயால் வாயில்களின் மின்னோட்டத்தை அளக்கும் முறை), உடல் வெப்பநிலையை ஒட்டி. தவளை முட்டை மலிவென்று அதற்குப் போகாதீர்கள்: மஞ்சள்கரு மருந்தை உறிஞ்சிக்கொள்வதால் அடைப்புக்கு அதிகச் செறிவு தேவைப்படுவதுபோல் காட்டும்.

அடுத்து கினிப்பன்றி அல்லது முயலின் இதயம், லாங்கெண்டார்ஃப் முறையில்: வெளியே எடுத்த இதயத்துக்குப் பெருந்தமனி வழியாகக் கரைசலைச் செலுத்தித் துடிக்கவைப்பது. கிரெப்ஸ் கரைசல் (ரத்தத்துக்குப் பதிலான உப்புக் கரைசல்) 37 டிகிரி, 95% ஆக்சிஜன், 5% கார்பன் டைஆக்சைடு, பிஎச் 7.4. வாயுவைச் செலுத்தி பிஎச் இறங்கிய பிறகே கால்சியம் குளோரைடைச் சேர்க்க வேண்டும். முந்தினால் வெண்படிவு விழும், அது கரோனரி (இதயத்தசைக்கு ரத்தம் தரும்) நுண்குழாய்களை அடைக்கும். பெருந்தமனிக் குழாயில் ஒரு காற்றுக்குமிழி புகுந்தாலும் இதே கதிதான். குழாய் முனை வால்வைத் தாண்டி உள்ளே போனால் கரோனரிக்கு ஓட்டமே கிடைக்காது.

மருந்து கொடுக்குமுன் 20, 30 நிமிடம் நிலைப்பட விடுங்கள். இதயத்தை மின்தூண்டலால் மாறாத வேகத்தில் பேஸ் செய்யுங்கள். துடிப்பு குறைந்தாலே கியூடி நீளும், பழி மருந்தின்மேல் விழும். மருந்தைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ 0.1 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். அதை மட்டும் கொடுத்த இதயங்களும் வேண்டும். ஹெர்க்கை அடைப்பதாக ஏற்கெனவே தெரிந்த டோஃபெடிலைடு மருந்தைக் கொடுத்துக் கியூடி நீளாவிட்டால் அன்றைய தயாரிப்பை நம்பாதீர்கள். பின்னர் முழு விலங்கில் பார்ப்பதானால், ஐசோஃப்ளுரேன் மயக்கமே கியூடியை நீட்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

உங்கள் சுண்டெலிகள் வீணில்லை. செல்லுக்குள் கால்சியத்தை வெளிவிடும் ரயனோடின் வாயிலின் மரபுப் பிழைகளால் வரும் துடிப்புக் கோளாறுக்கு அவை நல்ல மாதிரி. ஆனால் அது வேறொரு ஆய்வுக் கேள்வி.