கோல்ஃப் ஆட கிளவுஸ் வேண்டுமா, வெறுங்கையே போதுமா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் வேலை. உடன் வேலை செய்பவர்களோடு சேர்ந்து ஞாயிறுதோறும் வேலந்தாவளம் வழியாகச் செட்டிபாளையம் மைதானத்துக்குப் போய் கோல்ஃப் கற்றுக்கொள்கிறார். “கிளவுஸ் போடாமல் ஆடாதே என்கிறார்கள் நண்பர்கள். எங்கள் பையைத் தூக்கிவரும் கேடி அண்ணனோ, வெறுங்கையில் ஆடினால்தான் மட்டை கைக்குப் பழகும் என்கிறார். சித்திரை வெயிலில் கிளவுஸுக்குள் கை வெந்துபோகிறது. போடாவிட்டால் மட்டை வழுக்குகிறது. இடது கட்டைவிரலிலும் மோதிரவிரலுக்குக் கீழேயும் கொப்புளம். வாங்கிய தோல் கிளவுஸ் ஒரே மாதத்தில் அப்பளம் போல் விறைத்துவிட்டது. என்னதான் செய்வது?” என்று கேட்கிறார்.

போடுங்கள். உங்கள் ஊர்ச் சூட்டுக்கும் வியர்வைக்கும், ஆட்டம் இன்னும் பழகாத கைக்கும், அதுதான் என் பதில். ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தால் பாதிப் பிரச்சினை கிளவுஸில் இல்லை, மட்டையைப் பிடிக்கும் விதத்தில் இருக்கிறது என்று தோன்றுகிறது. அதைச் சரிசெய்யாமல் எத்தனை கிளவுஸ் வாங்கினாலும் கொப்புளம் வரத்தான் செய்யும்.

சாதாரண ஆட்டக்காரர் டிரைவர் என்ற நீண்ட மட்டையை வீசும்போதே அதன் தலை மணிக்கு 140 கிலோமீட்டரைத் தாண்டுவது சகஜம். அந்த வேகத்தில் மட்டை கைக்குள் இம்மியளவு திரும்பினாலும் பந்து வேறு திசைக்குப் போய்விடும். வழுக்கும் என்ற பயம் வந்ததும் நாம் என்ன செய்கிறோம்? இறுக்கிப் பிடிக்கிறோம். இறுக்கினால் முன்கை விறைக்கும், மணிக்கட்டு மடங்காது, வீச்சின் வேகமே போய்விடும். இறுக்காமலே மட்டை கையில் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் கிளவுஸ். தோலைக் காப்பாற்றுவது அதனோடு சேர்ந்து கிடைக்கும் நன்மை.

வலது கைக்காரருக்கு இடது கையில் மட்டும் போதும். மட்டையின் மேல் நுனியைப் பிடித்திருப்பது அந்தக் கைதான். பிடியின் முக்கிய பாரம் அதன் கடைசி மூன்று விரல்களில் இருக்கிறது. வலது கை கீழே அதை ஒட்டி உட்கார்ந்து மட்டையின் போக்கை உணர்கிறது, அதை மூட வேண்டாம். இடது கைக்காரர் என்றால் இது அப்படியே தலைகீழ்.

கேடி அண்ணன் சொன்னதையும் தள்ளிவிட முடியாது. அந்தக் காலத்துப் பிரபல அமெரிக்க ஆட்டக்காரர் பென் ஹோகன் கிளவுஸ் போடாமல் ஆடியவர். ஃப்ரெட் கப்பிள்ஸ் 1992 மாஸ்டர்ஸ் போட்டியையும், லூகாஸ் குளோவர் 2009 அமெரிக்க ஓப்பன் போட்டியையும் வெறுங்கையோடுதான் வென்றார்கள். டாமி கெய்னி என்ற அமெரிக்கரோ இரண்டு கையிலும் போட்டு ஆடி, 2012-ல் அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பி.ஜி.ஏ. டூரில் ஒரு போட்டியை வென்றவர். கோல்ஃப் விதி எதையும் கட்டாயப்படுத்தவில்லை. சாதாரண கிளவுஸ் போடலாம், கையில் பவுடர் பூசலாம், மட்டையின் கைப்பிடி உறையான கிரிப்பைச் சுற்றி டவலோ கைக்குட்டையோ கட்டிப் பிடிக்கக்கூட விதி 4.3 அனுமதிக்கிறது. ஆனால் கப்பிள்ஸ் போன்றவர்கள் சிறு வயதிலிருந்து நாள் தவறாமல் ஆடிக் கை காய்த்துப்போனவர்கள். வாரம் ஒருநாள் ஆடும் நமக்கு அந்தக் காய்ப்பு வருவதற்குள் தோல் உரிந்துவிடும்.

இப்போது உங்கள் விறைத்துப்போன பழைய கிளவுஸை எடுத்து வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். தூக்கிப் போட வேண்டாம், அதில் உங்கள் பிடியின் குறை அத்தனையும் பதிந்திருக்கும். சுண்டுவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டை ஒட்டிய சதைப்பகுதியில் தேய்ந்தோ ஓட்டை விழுந்தோ இருந்தால், மட்டையை விரல்களில் பிடிக்காமல் உள்ளங்கையில் பிடிக்கிறீர்கள், அல்லது நுனியை ஒட்டியே பிடிக்கிறீர்கள். வீச்சின் உச்சியில் மட்டை கைக்குள் நகர்ந்து அந்த இடத்தை அரைக்கிறது. மோதிரவிரலுக்குக் கீழே கொப்புளம் வருவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். கட்டைவிரல் பகுதி தேய்ந்திருந்தால், கட்டைவிரலை மட்டையின் மேல் நீட்டி அழுத்துகிறீர்கள், அல்லது வலது உள்ளங்கை அதன்மேல் ஏறி நசுக்குகிறது. விரல் நுனிகளில் சுருங்கிக் கிழிந்திருந்தால் அளவு பெரிது. எங்கும் தேயாமல் லேசாக அழுக்கு மட்டும் படிந்திருந்தால் பிடி நன்றாக இருக்கிறது.

பிடியை மாற்ற இப்படிச் செய்து பாருங்கள். இடது கை ஆள்காட்டி விரலின் நடு மூட்டிலிருந்து சுண்டுவிரலின் அடி வரை சாய்வாக மட்டையை வைத்து விரல்களை மூடுங்கள். மணிக்கட்டை ஒட்டிய சதை மட்டையின் மேல் வந்து உட்கார வேண்டும். நுனியில் ஒரு விரல் அகலம் வெளியே தெரியட்டும். கட்டைவிரலை நீட்டாமல் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து வையுங்கள். இப்போது கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தூக்குங்கள். மற்ற மூன்று விரல்களும் அந்தச் சதையுமே மட்டையைத் தாங்கினால் சரி. நழுவினால் மட்டை இன்னும் உள்ளங்கையில்தான் இருக்கிறது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே இதைப் பழகலாம், பந்து தேவையில்லை.

வழுக்குவதற்கு இன்னொரு காரணம், நிறைய பேர் கவனிக்காதது, மட்டையின் கிரிப். ரப்பரில் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் ஏறிப் பளபளப்பாகிவிட்டால் எந்தக் கிளவுஸும் நிற்காது. வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்பு கலந்து, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்துக் காயவிடுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய மட்டை என்றால் கிரிப்பையே மாற்றுங்கள். நூல் கலந்த கார்டு கிரிப் வியர்வைக்கு நல்லது, ஆனால் வெறுங்கையை அறுக்கும். கிளவுஸோடு மட்டும் அதை நினையுங்கள்.

தோலா, சிந்தெடிக்கா? விலை உயர்ந்த கிளவுஸ்கள் கேப்ரெட்டா எனப்படும் செம்மறித் தோலில் செய்யப்படுபவை. கம்பளி வளராத, முடி மட்டும் உள்ள ஆட்டினத்தின் தோல் அது. நம் பக்கத்து நெல்லூர் ஆடும் அந்த வகைதான். மெல்லியது, கையோடு ஒட்டி நிற்கும். ஆனால் வியர்வையின் உப்பு ஏறி, அப்படியே சுருட்டிப் பைக்குள் போட்டாலோ காரின் டேஷ்போர்டில் வெயிலில் காயவைத்தாலோ விறைத்துவிடும். உங்களுடையதற்கும் இதுதான் நடந்திருக்கும். பங்குனி, சித்திரையில் இரண்டு கிளவுஸ் கொண்டுபோய் மூன்று நான்கு குழிகளுக்கு ஒருமுறை மாற்றிப் போடுங்கள். கழற்றியதை விரல் நீவி, பையின் வெளியே நிழலில் தொங்கவிடுங்கள். பழகும் காலத்துக்கு, உள்ளங்கையில் தோலும் மேலே காற்றுப் புகும் துணியும் உள்ள கலப்பு வகையே போதும். கை வேகிறது என்ற குறையும் அதில் குறையும்.

அளவில் தயங்காமல் சின்னதாகவே எடுங்கள். விரல் நுனியில் வெற்றிடம் இருக்கக்கூடாது, கையை மூடினால் உள்ளங்கையில் மடிப்பு விழக்கூடாது. கிளவுஸின் மணிக்கட்டுப் பக்கம் இருக்கும் ஒட்டும் பட்டை முழுவதும் ஒட்டாமல் கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும், தோல் போகப்போகத் தளரும். உள்ளங்கை அகலமாகவும் விரல் குட்டையாகவும் இருப்பவர்களுக்குக் கேடட் என்று தனி அளவே உண்டு, கடையில் கேளுங்கள்.

ஆனி, ஆடியில் மூணாறு ஹை ரேஞ்ச் கிளப் பக்கம் ஆடப்போனால் கணக்கே வேறு. மழையிலும் பனிமூட்டத்திலும் தோல் கிளவுஸ் சோப்பு மாதிரி வழுக்கும். அதற்கென்றே மழைக்கால கிளவுஸ் ஜோடியாக விற்கிறார்கள். நனைய நனையத்தான் அது பிடிக்கும், அங்கே இரண்டு கையிலும் போடுங்கள். மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வறண்ட காற்று வீசும்போது கை வியர்க்காது. அண்ணன் சொன்னபடி வெறுங்கையில் பழக அதுதான் நல்ல காலம். பயிற்சிக்கு வாங்கும் ஒரு கூடை கோல்ஃப் பந்துகளில் கால்வாசியைச் சின்ன மட்டையால், அரை வீச்சில் அடியுங்கள். எவ்வளவு லேசாகப் பிடித்தால் போதும் என்று கைக்கே தெரிந்துவிடும். குழியை நோக்கிப் பந்தை மெல்ல உருட்டும் புட்டிங்குக்குக் கிளவுஸைக் கழற்றிவிடுங்கள், அங்கே வேகம் இல்லை, விரலின் உணர்வுதான் வேண்டும். குழி இருக்கும் புல்தரையான க்ரீனை ஒட்டி நின்று லேசாக அடிக்கும் சிப் ஷாட்டுக்கு உங்கள் இஷ்டம்.

கொப்புளத்தை உடைக்காதீர்கள். கழுவி, துடைத்து, ஒட்டுப்பட்டை போட்டு, தோல் ஆறும்வரை ஒன்றிரண்டு ஞாயிறு புட்டிங் மட்டும் பழகுங்கள். அதன்பிறகு அந்த இடங்களில் டேப் ஒட்டி அதன்மேல் கிளவுஸ் போடலாம். காயத்துக்காக ஒட்டுவதை விதி தடுப்பதில்லை, மூட்டே அசையாதபடி அளவுக்கு மீறிச் சுற்றாமல் இருந்தால் சரி. சர்க்கரை இருப்பவர் என்றால் முதலில் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.