512 எம்பி ராமில் பைத்தான் ஆப்: முன்னால் எந்த வெப் சர்வர்?

செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைக்கு ஆர்டர் எடுக்கும் பைத்தான் ஆப், 512 எம்பி ராம் சர்வர், எந்த வெப் சர்வர் போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். என்ஜின்எக்ஸ் போதும். இணைப்புக்கு ஒரு பிராசஸ் என்று திறக்காமல், ஒரே வொர்க்கர் பிராசஸ் ஆயிரக்கணக்கான இணைப்புகளைச் சமாளிக்கும்; ராம் மிச்சம். ஆப்பை கூனிகார்ன் (பைத்தான் ஆப்பை ஓட்டும் சர்வர், gunicorn) மூலம் 127.0.0.1:8000-இல் ஓட்டி, என்ஜின்எக்ஸ் கான்ஃபிக்கில் கோரிக்கைகளை ஆப்புக்குக் கடத்தும் பிராக்ஸி_பாஸ் (proxy_pass) வரியில் அந்த முகவரியை, முன்னால் http:// சேர்த்து, கொடுங்கள்.

சரி, முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கொலுசு டிசைன் போட்டோ ஏற்றும்போது 413 பிழை (அனுப்பியது அளவுக்கு மீறிப் பெரிது) வரும். ஆப்பில் தேடாதீர்கள் (நான் ஒரு ராத்திரி முழுக்கத் தேடினேன்). என்ஜின்எக்ஸ் இயல்பாக 1 எம்பிக்கு மேல் வாங்காது. கான்ஃபிக்கில் கிளையன்ட்_மேக்ஸ்_பாடி_சைஸ் (client_max_body_size) அளவை 10 எம்பி ஆக்குங்கள். வரி முடிவில் அரைப்புள்ளி மறக்க வேண்டாம். அப்புறம் கான்ஃபிக் டெஸ்ட் ஓட்டிப் பார்த்துவிட்டு ரீலோட். 502 பிழை (பின்னால் உள்ள ஆப்பிடமிருந்து சரியான பதில் இல்லை) வந்தால் பெரும்பாலும் கூனிகார்ன் படுத்திருக்கும்.